இம்மர்சிவ் ஒலிக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

மீ. | செவ்வாய், காலை

குழுவினர்க்கு வணக்கம்.

ஒரு சிற்றிதழுக்காக நியூயார்க்கின் 'ட்ரீம் ஹவுஸ்' பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: இம்மர்சிவ் (கேட்பவரை ஒலிக்குள் இழுத்துக்கொள்வது), பைனாரல் பீட்ஸ் (இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட சுரம் கொடுத்தால் கேட்கும் துடிப்பு).

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல் தேட உதவும். சர்ச் தெரு, 275ஆம் எண் கட்டடம், மாடியில் ஓர் அறை. ஒலி இசையமைப்பாளர் லா மான்ட் யங் அமைத்தது, ஒளி அவர் மனைவி மரியன் ஸஸீலா அமைத்தது. 1993 முதல் அங்கே இருக்கிறது. மஜெண்டா வெளிச்சம், தரையில் கம்பளம், பெரிய ஒலிபெருக்கிகள். பாட்டு இல்லை, தாளம் இல்லை. பல சைன் அலைகள் (ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலிகள்) மாறாமல் ஒலித்தபடி இருக்கின்றன. தலையைக் கொஞ்சம் திருப்பினால் வேறு சுரம் கேட்கும். அசையாமல் நின்றால் அதுவும் அப்படியே நின்றுவிடும்.

'மூழ்கடிக்கும் ஒலி' என்று எழுதிப் பார்த்தேன். என் அக்கா படித்துவிட்டு, "வெள்ளச் செய்தியா?" என்று கேட்டாள்.

வ. | செவ்வாய், மதியம்

அக்கா, 'சூழொலி' போதுமே. ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்களுக்குப் பழகின சொல். தியேட்டரில் நாலு பக்கமும் சத்தம் வந்தால் சூழொலிதான். பைனாரலுக்கு 'ஈர்செவி'.

ஐ. | செவ்வாய், இரவு

தம்பி, 'ஈர்செவி' கூடாது. உயிர் வந்தால் ஈர், மெய் வந்தால் இரு: ஈருயிர், இருவிழி. ஆகவே இருசெவி. 'ஈர்செவி' என்றால் வினைத்தொகையாகிவிடும், ஈர்வாள் போல. அறுத்த செவி, அறுக்கிற செவி, அறுக்கும் செவி. உங்கள் கூடத்தில் ஒலி அவ்வளவு மோசமா?

இனி முதற்சொல். நமக்கு முன் நான்கு வேர்கள் உள்ளன. மூழ்கு, அமிழ், ஆழ், தோய். 'மூழ்கொலி' காதில் கொலை என்று விழுகிறது, தள்ளிவிடலாம். 'அமிழொலி' கீழே போய்விட்ட ஒலி, மேலே வராது. 'ஆழ்' அருமையான வேர். இறையனுபவத்தில் ஆழ்ந்தவர் ஆழ்வார் என்பது மரபு. கல்வெட்டுகளைக் காட்டி அது முதலில் 'ஆள்வார்' என்றே இருந்தது, ளகரம் பின்னால் ழகரமானது என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏனென்றால்…

(இங்கே நாற்பது வரி எழுதி அழித்துவிட்டேன். மீ. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கெடு என்பது நினைவுக்கு வந்தது.)

என் தேர்வு 'தோயொலி'. தோய்ந்த ஒலி, தோய்கின்ற ஒலி, தோயும் ஒலி என முக்காலமும் அடங்கும். தயிர் தோய்வது போல ஒன்று இன்னொன்றில் கலந்து இரண்டும் மாறுவது. மூழ்கியவன் மட்டும் நனைவான், தோய்ந்தால் இரண்டுமே பழையபடி இராது.

சி. | புதன், அதிகாலை (டொராண்டோவில் செவ்வாய் மாலை)

ஐயாவின் விளக்கம் அழகுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் 'தோய்க்கிறது' என்றால் உடுப்புத் தோய்க்கிறது, அதாவது துவைக்கிறது. தோயொலி என்றால் கிணற்றடிக் கல்லில் சாரம் (லுங்கி) அடிபடும் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. 'முழுகு' பக்கமும் யாரும் போய்விட வேண்டாம். 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் என்ன பொருள் என்று இரண்டு கரையிலும் தெரியும்.

'பீட்ஸ்' என்பதற்கு நாங்கள் பள்ளியில் படித்தது 'அடிப்பு'. ஃப்ரீக்வன்சி 'மீடிறன்', ரெசனன்ஸ் 'பரிவு'. உங்கள் 'ஒத்ததிர்வு' நான்கு பேர் சேர்ந்து தூக்குகிற சொல். ஒரு தந்தி அதிர்ந்தால் பக்கத்துத் தந்தி தானாக அதிர்வதற்குப் பரிவைவிட நல்ல சொல் உலகத்தில் இருக்கிறதா?

கு. | புதன், காலை

பரிவுக்கு என் வாக்கு உண்டு. ஆனால் முப்பது வருஷம் 'ஒத்ததிர்வு' என்று கரும்பலகையில் எழுதிய கை இது, சட்டென்று மாறாது.

'பீட்ஸ்' விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது 'விம்மல்'. 400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 400 அதிர்வு) ஒன்று, 410 ஹெர்ட்ஸ் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் நொடிக்குப் பத்து முறை ஒலி பொங்கி அடங்கும். விம்மு என்றால் முதலில் பூரிப்பது, பருப்பது. அழுகை பிறகுதான்.

பைனாரல் என்பது இதிலேயே ஒரு குறும்பு. இடக்காதுக்குள் 400, வலக்காதுக்குள் 410 என்று ஹெட்ஃபோனில் தனித்தனியாகக் கொடுத்தால் காற்றில் இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆனாலும் அந்தப் பத்து கேட்கிறது. இரண்டும் சந்திக்கிற இடம் மூளைத்தண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிஷ் டோவ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கண்டது இது. தணிந்த சுரங்களில்தான் நன்றாகக் கேட்கும். சுரங்களை ஏற்றிக்கொண்டே போனால் மறைந்துவிடும்.

மீ. அம்மா, ஒரு வேண்டுகோள். ட்ரீம் ஹவுஸில் நடப்பது இது அல்ல. அங்கே சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அறைக்குள் நிலை அலைகளாக நிற்கின்றன. ஓரிடத்தில் மேடு, ஓரடி தள்ளிப் பள்ளம். ஆள் நகர்ந்தால் சுரம் நகர்ந்த மாதிரி இருக்கும். கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் அடிக்குறிப்பாவது போடுங்கள். '432 ஹெர்ட்ஸ் கேட்டால் கவலை தீரும்' என்று தினமும் வாட்ஸப்பில் யாராவது அனுப்புகிறார்கள். பத்து ஹெர்ட்ஸ் விம்மல் காதில் கேட்பது உண்மை. அதனால் மனம் பத்து ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலைக்கு (ஓய்வில் மூளையில் எழும் மின் அலை) இறங்கி அமைதியாகிவிடும் என்பது வேறு கதை. ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை.

வ. | புதன், மாலை

கு. சார், அதைத் திருப்பிப் போட்டவரும் உண்டு. 1965இல் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவருடைய ஆல்ஃபா அலையைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார்கள். அது காதுக்கு எட்டாத தணிந்த அதிர்வு, ஆனால் அந்தத் துடிப்பில் பக்கத்திலிருந்த முரசுகள் அதிர்ந்தன. மனம் பதறினால் அலை போய்விடும், முரசும் நின்றுவிடும். மனத்துக்கு ஒலி செய்வதை நாம் பேசுகிறோம், அவர் ஒலிக்கு மனம் செய்வதைக் காட்டினார். இதைத் தோயொலி என்பீர்களா, ஐயா?

ஐ. | வியாழன், காலை

என்பேன். இரண்டு பக்கமும் மாறுகிறதல்லவா?

ஒலி மனத்தை மாற்றுவது நமக்குப் புதிதன்று. அகநானூறு 102இல் கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, தினை தின்ன வந்த களிறு தின்னவும் மறந்து, நகரவும் மறந்து, நின்றபடியே உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் பாலை யாழ் கேட்ட ஆறலை கள்வர் (வழிப்பறி செய்வோர்) படைக்கலத்தைக் கீழே போடுகிறார்கள். இசைக்கு மயங்கும் உயிராகச் சங்கப் பாடல்கள் சொல்லும் அசுணம் இன்னும் வியப்பு. அகநானூறு 88இல் அது வண்டின் ஆரவாரத்தை யாழ் என்று நினைத்துக் காது கொடுக்கிறது. நற்றிணை 304 அசுணம் கொல்பவர் கையைச் சொல்கிறது. முதலில் இன்பம், பிறகு துன்பம், இரண்டும் ஒரே கையிலிருந்து. அசுணம் விலங்கா பறவையா என்று…

வ. | வியாழன், காலை

ஐயா, வெள்ளிக்கிழமை!

மீ. | வியாழன், மதியம்

அசுணத்தை வேறு மடலில் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. உண்மையிலேயே கேட்க ஆசை.

சூழொலியில் எனக்குள்ள தயக்கம் இது. சூழ்வது ஒலிபெருக்கியின் வேலை, கேட்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இந்த அறையில் தலை திரும்பினால்தான் சுரம் மாறுகிறது. கேட்பவர் பாதி, ஒலி பாதி. யங் பண்டிட் பிராண் நாத்திடம் இந்துஸ்தானி இசையின் கிரானா மரபில் பயின்றவர், தம்புராவோடு பல காலம் உட்கார்ந்தவர். தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஷட்ஜத் தந்தியை மீட்டினால் யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் எழும். சுயம்பு சுரம் என்பார்கள். காது கொடுத்தால்தான் அது கிடைக்கும். 'சூழ்' அதைச் சொல்லாது. 'ஆழ்' என்ற வேரை இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸுக்கு எடுத்து வைக்கலாம். 1988இல் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசித்துப் பதிவு செய்தவர், எதிரொலி அடங்க 45 நொடி ஆகுமாம். அவருடையது 'ஆழ்கேட்பு' (டீப் லிஸனிங்).

ஆக, தோயொலி. முதல் இடத்தில் மட்டும் 'பைனாரல்' என்று போட்டு, பிறகு 'இருசெவி விம்மல்'. கு. ஐயா சொன்ன அடிக்குறிப்பும் சேர்த்தாயிற்று.

கு. | வியாழன், மாலை

சரி.

வ. | வியாழன், மாலை

நான் சூழொலிதான். ஆனால் எதிர்க்கவில்லை.

மீ. | சனி, காலை

இதழ் அச்சுக்குப் போய்விட்டது. தோயொலி தப்பித்தது. விம்மலைத்தான் ஆசிரியர் குழு, "வாசகர் அழுகை என்று நினைப்பார்" என்று 'அதிர்வு' ஆக்கிவிட்டது. அடிக்குறிப்பில் மட்டும் விம்மல் அப்படியே இருக்கிறது. அதனால் கட்டுரைக்கும் அடிக்குறிப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் நிற்கிறது.

கு. | சனி, காலை

அதிர்வா? எல்லா ஒலியும் அதிர்வுதானே அம்மா!

சி. | ஞாயிறு, அதிகாலை

அடிப்பு என்று போட்டிருந்தால் ஒருவரும் கை வைத்திருக்கமாட்டார்கள்.

நேற்று இரவு மகளிடம் தோயொலி என்று ஒரு புதுச்சொல் வந்திருக்கிறது, என்னவாயிருக்கும் என்று கேட்டேன். "வாஷிங் மெஷின் சத்தமா, அப்பா?" என்றாள். பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.