பெண் நாய்க்குட்டிக்கு ஒரு மாதம் தங்க இடம் வேண்டும் (வேளச்சேரி)

வேளச்சேரி ரயில் நிலையம் பக்கம் ஒரு பெண் குட்டி, இரண்டு மாதம் இருக்கும். செம்பழுப்பு நிறம், இடது காது மடங்கியே இருக்கும். தாய் வண்டியில் அடிபட்டுப் போய்விட்டது. பிஸ்கட்டைக் காட்டினால் வால் மட்டுமல்ல, உடம்பே ஆடுகிறது.

நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். என் வீட்டில் பார்வோ என்ற நாய்களுக்கு வரும் வைரஸ் நோயிலிருந்து தேறிவரும் குட்டி இருக்கிறது. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் தாங்கும். தடுப்பூசி போடாத குட்டியை இங்கே கொண்டுவருவது காப்பாற்றுவதாகாது.

வேறு நாய் இல்லாத வீடு, அல்லது தடுப்பூசி முடித்த நாய் உள்ள வீடு வேண்டும். முதல் ஊசியும் அடுத்த பூஸ்டரும் முடியும்வரை போதும். சாப்பாடு, டாக்டர் செலவு என்னுடையது. அப்புறம், வீட்டில் எல்லோரிடமும், வாடகை வீடென்றால் ஓனரிடமும் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் சொல்லுங்கள். நான்கே நாளில் திருப்பித் தருவதானால் வேண்டாம்.