டேபிள் சா கார்டை ஏன் கழற்றி வைக்கிறோம்? பார்த்தது, பட்டது எல்லாம் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:

ரெனோவேஷன் வேலையாகக் கோலாலம்பூரில் பல பட்டறைகளுக்குப் போகிறேன். மேசை ரம்பம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கார்டு, அதாவது பிளேடை மூடுகிற பாதுகாப்பு மூடி, சுவரில் ஆணியில் தொங்கும், இல்லையென்றால் பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் கிடக்கும். ஏன் என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "அது இருந்தா வேலை ஓடாதுண்ணே."

அவர்கள் சொல்வது பொய்யில்லை. கோணலாகப் பொருத்திய கார்டோடு வேலை நிஜமாகவே ஓடாது. கோணலைச் சரி செய்யாமல் கார்டையே கழற்றிவிடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

சிகாம்புட்டில் கேபினட் செய்கிற ஒரு தம்பி, தீபாவளிக்கு முன்னால் கிச்சன் வேலை குவிந்து கிடந்த நேரத்தில், புது ரம்பத்தின் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பலகை பாதி தூரம் போனதும் இறுகி நின்றுவிடுகிறதாம். போய்ப் பார்த்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கி, வயரை மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டேன். பிறகு பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றினேன். பிளேடுக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நிற்கிறதே, ரிவிங் நைஃப், கோளாறு அதில்தான் இருந்தது.

இரும்பு அடிக்கோல் ஒன்றை பிளேடின் முன்பல்லையும் பின்பல்லையும் தொடுகிற மாதிரி படுக்க வைத்தால், தகடு அந்தக் கோலுக்கு உள்ளே மயிரிழை இடைவெளியோடு நிற்க வேண்டும். இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் அப்படியே இருக்க வேண்டும். தம்பியின் ரம்பத்தில் இடப்பக்கம் தாராளமான இடைவெளி. வலப்பக்கம், அதாவது பலகையை ஒட்டித் தள்ளுகிற வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸ் பக்கம், தகடு கோலையே வெளியே தள்ளியது. அறுபட்டு வருகிற பலகை தகட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி நகரும்?

பிளேடைச் சுற்றியிருக்கும் மேசைத் தகட்டைத் தூக்கினால் கீழே பிடிமானம் தெரியும். அதில் சின்ன ஆலன் ஸ்குரூக்கள் இருக்கும். கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பித் திருப்பிக் கோலை வைத்துப் பார்த்தோம். இதற்குத்தான் நேரம் பிடித்தது. சரியானதும் பூட்டி, தகட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. மேலே கார்டை மாட்டி, அது தன் கனத்திலேயே மேசை வரை இறங்குகிறதா, பிளேடைக் கையால் சுற்றினால் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்தோம். பிளேடை 45 டிகிரி சாய்த்து அதையே மறுபடி பார்த்தோம், ஏனென்றால் நேராக நிற்கும்போது ஒழுங்காக இருப்பது சாய்த்தால் இடிக்கும். அப்புறம் ஒரு நியாத்தோ மரப் பலகை விட்டார், நிற்காமல் போனது. "இவ்வளவுதானா?" என்றார்.

உங்கள் பட்டறையில் கார்டைக் கழற்றக் காரணம் என்ன? எழுதுங்கள்.

பிறை ஃபேக்டரி:

அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒண்ணு சேர்த்துக்கணும். கார்டைக் கழட்டுறவங்க தகட்டையும் சேர்த்துக் கழட்டிடுறாங்க. பழைய மாடல்ல ரெண்டும் ஒரே துண்டு. அங்கதான் வினை.

எங்க ஃபேக்டரியில ரப்பர் மரம் ஓடும். தாத்தா பாட்டி சீவின பால் மரம்தான், இப்ப மேசை நாற்காலியாப் போகுது. அந்த மரத்துல உள் இறுக்கம் ஜாஸ்தி. பலகைய அறுத்துட்டே வரும்போது அறுத்த வாய் பின்னால தானா மூடிக்கும். பிளேடோட முன்பல் கீழே இறங்குது, பின்பல் மேலே ஏறுது. மூடின மரம் பின்பல்லைக் கவ்விச்சுன்னா பல் அதைத் தூக்கி, தள்ளுற ஆள் மேலேயே எறியும். 10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுத்துதுன்னா பல்லோட வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. கணக்குப் போட்டுப் பாருங்க. புதுசா வந்த பையன் ஒருத்தன் பிளேடுக்கு நேர் எதிரே நின்னு தள்ளினான். பலகை அடிவயித்துல வந்து இடிச்சிடுச்சு. கை விரல் எல்லாம் பத்திரமா இருந்துச்சு, ஆனா ஆள் ரொம்ப நாள் எம்சி, அதான் மருத்துவ லீவு. வாய் மூடாம நடுவுல நிக்கிறதுதான் அந்தத் தகட்டோட வேலை. கார்டு விரலுக்கு, தகடு வயித்துக்கு.

இதுல இன்னொரு கூத்து. 1967 ஃபேக்டரி இயந்திரச் சட்டத்தை 2024 ஜூன்ல எடுத்தாங்கல்ல, உடனே ஒரு தௌகே (முதலாளி), "சட்டமே இல்ல, இனி கார்டு எதுக்கு?"ன்னார். 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இன்னும் அகலமாக்கிட்டுத்தான் பழசை எடுத்தாங்க. முதலாளி பொறுப்பு அப்படியேதான் இருக்கு.

ஜிஞ்சாங் தங்கச்சி:

வணக்கம் அண்ணே. நான் வீட்டுக் கார் போர்ச்சில் சின்ன அலமாரி, சாமி மேடை செய்து விற்கிறேன். எனக்கும் பலகை இறுகியது. அண்ணன் சொன்ன மாதிரி கோல் வைத்துப் பார்த்தால் தகடு நடுவில் நேராகத்தான் நிற்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் கோலை இடிக்கிறது. பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கேட்டேன். "அதைக் கழட்டிடு மோய், எல்லாரும் அப்படித்தான்" என்றார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. பிளேடு புதுசு, ரொம்ப மெல்லியது, மரம் வீணாகாது என்று அதே கடையில்தான் கொடுத்தார்கள்.

செந்தூல்காரன்:

தங்கச்சி, காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். தகட்டின் மேல் அதன் கனம் பொறித்திருக்கும், பாருங்கள். பிளேடில் இரண்டு அளவு உண்டு: பல்லின் அகலம், உடம்பின் கனம். தகடு பல்லைவிட மெல்லியதாக, உடம்பைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். தகடு 2.2 மில்லிமீட்டர் என்றால் பல் 2.6, உடம்பு 1.8 உள்ள பிளேடு பொருந்தும். பல்லே 1.7 என்றால் அறுத்த வாய்க்குள் தகடு நுழையவே நுழையாது. பிளேடை மாற்றுங்கள், தகட்டைத் தொடாதீர்கள்.

ஜிஞ்சாங் தங்கச்சி:

2.2 என்றுதான் போட்டிருக்கிறது. பிளேடு உறையில் 1.8. நாளைக்கே மாற்றுகிறேன், நன்றி அண்ணே.

ஆயர் ஈத்தாம்:

நீங்கள் எல்லாம் கடையில் வாங்கிய மெஷினைப் பற்றிப் பேசுகிறீர்கள். கட்டுமான சைட்டில் நான் பார்த்தது: கை வட்ட ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட்டுக்கு அடியில் ஸ்குரூ போட்டு முடுக்கி, சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அதுதான் மேசை ரம்பம்! கார்டு மாட்ட இடமில்லை, தகடு கிடையாது, அவசரத்துக்கு நிறுத்தப் பிளக்குக்கு ஓட வேண்டும். அறுப்பதோ கான்கிரீட் ஒட்டிய, ஆணி பாக்கியிருக்கும் பழைய பலகை. அதற்கு என்னிடம் பாதுகாப்பு ஆலோசனை எதுவும் இல்லை. பிரித்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன்.

கெப்போங் மரம்:

ஒரு சின்ன மறுப்பு. எப்போதும் கார்டு என்று ஒரேயடியாகச் சொன்னால் வேலை செய்கிறவன் சிரிப்பான். அலமாரி முதுகுப் பலகைக்குக் காடி (நீளப் பள்ளம்) இழுக்கும்போது பிளேடு மரத்துக்கு மேலே வருவதில்லை. கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் இப்போது வருகிற தகடுகளைப் பிளேடின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கலாம், அதனால் காடி வேலைக்கும் தகடு நிற்கும். வேலை முடிந்த கையோடு கார்டைத் திரும்ப மாட்டுவது எங்கள் பட்டறைப் பழக்கம். "அப்புறம் மாட்டிக்கலாம்" என்று விட்டதுதான் சுவரில் தொங்குகிற கார்டெல்லாம்.

ஒல்லியான மரச்சட்டம் அறுக்கும்போது கார்டு ஃபென்ஸில் இடிக்கும். அதற்குக் கழற்ற வேண்டாம். வேண்டிய சட்டத்தை ஃபென்ஸ் பக்கம் வைக்காமல் பிளேடின் அந்தப் பக்கம் விழ விடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஃபென்ஸை நகர்த்துங்கள். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கையால் தள்ளக் கூடாது, தள்ளுகோல்தான். கையுறையும் வேண்டாம். பல் நூலைப் பிடித்தால் கையைச் சேர்த்து இழுத்துவிடும். வெட்டி விழுந்த துண்டை பிளேடு முழுசாக நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். எங்கள் ஆசாரி சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வேடிக்கையாக இருக்கும், ஆனால் பத்து விரலும் இருக்கிறது அவருக்கு.

பட்டர்வொர்த்:

விரல் பட்டா தானா நின்னுடுற ரம்பம் இருக்காமே? அதை வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லைல்ல?

பிறை ஃபேக்டரி:

சாஸ்டாப்பைச் சொல்றீங்க. ஸ்டீவ் காஸ்னு ஓர் அமெரிக்கர் 1999-ல கண்டுபிடிச்சது. பிளேடுல லேசா ஒரு மின் சிக்னல் ஓடும். தோல் பட்டா சிக்னல் மாறும், ஒரு அலுமினியக் கட்டை பல்லுக்குள்ள பாய்ஞ்சு கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பிளேடை நிறுத்திடும். நல்ல சாமான். ஆனா ஒரு தடவை வேலை செஞ்சா அந்தக் கட்டையை மாத்தணும், பிளேடும் பெரும்பாலும் போயிடும். ஈர மரம் பட்டாலும் நின்னுடலாம். நம்ம ஊர் மழைக்கு வெளியில அடுக்கின பலகைன்னா ஜாக்கிரதை. முக்கியமா, மரம் திருப்பி எறியிறதை அது தடுக்காது. அதுலயும் ரிவிங் நைஃப் இருக்கு, அதுலயும் கார்டு இருக்கு. பிரிட்டன்ல 1922 விதியிலேயே வட்ட ரம்பத்துக்குப் பின்னால இந்தத் தகடு கட்டாயம். அவ்வளவு பழைய சாமான் இது.

ஜிஞ்சாங் தங்கச்சி:

பிளேடு மாற்றிவிட்டேன், இறுகவில்லை. இன்னொரு சந்தேகம். கார்டின் கண்ணாடி மாதிரி பாகத்தில் பிசினும் தூசியும் ஒட்டி, பென்சில் கோடே தெரிவதில்லை. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

கெப்போங் மரம்:

வேண்டாம், வேண்டாம். பெரும்பாலும் அது பாலிகார்பனேட். தின்னர், அசிட்டோன் பட்டால் வெள்ளை பூத்து, நுண்ணிய விரிசல் விழும். பிறகு ஒரு துண்டு வந்து அடித்தால் தெறித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்புக் கலந்து மெல்லிய துணியால் துடையுங்கள். பிசின் போகாவிட்டால் கொஞ்ச நேரம் ஊறட்டும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அந்தப் பாகத்தை மட்டும் தனியாக வாங்கலாம். மெஷின் பக்கவாட்டில் ஒட்டிய பெயர்த் தகட்டைப் போட்டோ எடுத்து, மாடல் நம்பரோடு சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். ஹார்ட்வேர் கடையில் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று நீட்டுவதை வாங்காதீர்கள். சாமான் வந்து சேரும் வரை ரிவிங் நைஃப் தகடு மட்டுமாவது நிற்கட்டும்.