பதினொன்றாம் வகுப்பு: பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

கேள்வி: மகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாவது முடித்திருக்கிறாள். இன்ஜினியரிங்கா, மருத்துவமா என்று இன்னும் முடிவாகவில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டுமா?

பதில் 1: வேண்டாம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபில் (தரவரிசைக்கான மதிப்பெண்) கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் சேராது. கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 88 என்றால் 96+45+44=185. கணிதத்தில் ஒரு மார்க் போனால் முழு மார்க்கும் போகும். மற்ற இரண்டில் அரைதான். பயோ-மேத்ஸ் (இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் கணிதமும்) எடுத்தால் இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

பதில் 2: அது சரி, ஆனால் சுமையையும் பாருங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் கணிதமே கிடையாது. 720-ல் உயிரியல் மட்டும் 360. டாக்டர்தான் என்று உறுதியானால் கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் போதும். பிறகு மனம் மாறினால் இந்தக் கலந்தாய்வில் பி.இ. சேர முடியாது, அதுதான் சிக்கல். தடுமாற்றம் இருக்கும்வரை கணிதத்தை விடாதீர்கள்.

பதில் 3: பள்ளியில் முதலில் இதைக் கேளுங்கள்: பதினொன்றாம் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா? சில இடங்களில் ஜூனிலேயே பன்னிரண்டாம் புத்தகத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நீட், ஜேஇஇ (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கான இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு) இரண்டிலும் இரு வருடப் பாடமும் வரும். பதினொன்றில் விசையியலும் வகைநுண்கணிதமும் புரியாமல் போனால் அடுத்த வருடம் டியூஷன் வைத்தும் ஈடுகட்டுவது கடினம்.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. சி.ஏ. ஆசை வந்தால்?

பதில் 1: எந்த குரூப் படித்தவரும் சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். கணக்குப்பதிவியலை மட்டும் அடிப்படையிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.