வாங்கப்போகும் பாய்மரப் படகு பலத்த காற்றில் எப்படி நடந்துகொள்ளும்? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பொங்கோல்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். பழைய பாய்மரப் படகு ஒன்றுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. 36 அடி நீளம், 2004இல் ஐரோப்பாவில் கட்டியது. அகலம் 3.65 மீட்டர், எடை 6,300 கிலோ, அதில் கீல் (படகின் அடியில் நிமிர்ந்து நிற்க உதவும் கனமான துடுப்பு போன்ற பகுதி) மட்டும் 2,000 கிலோ. பெரிய பாய், பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் வகை. விற்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லாசரஸ் தீவு வரை கூட்டிப்போனார். காற்று 7, 8 நாட்தான் (மணிக்கு 13, 15 கி.மீ.), படகு அன்னநடை போட்டது. அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

மனைவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவருடன் மலேசியாவின் தியோமான் தீவு வரை போய்வர ஆசை. வழியில் சுமத்ரா சூறை (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் பலத்த காற்று மழை) பிடித்தால் இது தாங்குமா? அகலத்தையும் எடையையும் வைத்துக் கவிழும் அபாயத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று உண்டே, அதில் போட்டுப் பார்த்தேன். 1.99 வந்தது. 2க்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறார்கள். நம்பலாமா?

துவாஸ்காரர்:
தம்பி, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு, அகலமான எடை குறைந்த படகுகளைச் சுலபமாக அடையாளம் காண வந்த சூத்திரம் அது. அதற்குள் அகலமும் எடையும் மட்டுமே இருக்கின்றன. அந்த 2,000 கிலோ கீலின் அடியில் இருந்தாலும் சரி, மரத்தின் உச்சியில் இருந்தாலும் சரி, விடை மாறாது. இன்னொரு வேடிக்கை, படகில் சாமான் ஏற்ற ஏற்ற எடை கூடி அந்த எண் 'நல்லதாகிக்கொண்டே' போகும்.

முதலில் படகில் ஒட்டியிருக்கும் சிஇ தகட்டைப் (ஐரோப்பியத் தரச் சான்று) பாருங்கள். ஏ வகை என்றால் போஃபர்ட் அளவுகோலில் 8ஆம் எண் காற்றுக்கும் 4 மீட்டர் அலைக்கும் மேலே தாங்கும்படி வடிவமைத்தது. பி என்றால் அதுவரைக்கும். தியோமானுக்கு பி போதும். அடுத்ததாக, எத்தனை பாகை சாய்ந்த பிறகு படகு தானாக நிமிராது என்ற கோணத்தைக் கேளுங்கள். உரிமையாளர் கையேட்டிலோ தயாரிப்பாளரிடமோ கிடைக்கும். 120க்கு அருகில் இருந்தால் மகிழ்ச்சி, 100ஐ ஒட்டி இருந்தால் யோசிக்க வேண்டும். ஆனால் அது புதுப் படகின் கணக்கு. நம் ஊரில் படகு வைத்திருப்பவர்கள் மேலே சோலார் பலகை, ரேடார், பின்னால் தொங்கும் சின்னப் படகு என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். அத்தனையும் அந்தக் கோணத்தைக் குறைக்கும். மரத்துக்குள் சுருளும் பாயும் இதில் சேர்த்தி. சாதாரணப் பாயைச் சுருக்கினால் எடை கீழே இறங்கும், உங்களுடையது மேலேயே நிற்கும்.

கீல் எவ்வளவு ஆழம் என்று நீங்கள் சொல்லவில்லையே? அதே படகை ஆழக் கீல், ஆழமில்லாக் கீல் என்று இரண்டு விதமாக விற்பார்கள். காற்றில் நடத்தை வேறு.

சாங்கி மாலுமி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் கவிழ்வதைப் பற்றியே பேசினால் விஷயம் தவறிப்போகும். கீல் படகைக் குப்புறத் தள்ளுவது பெரும்பாலும் உடையும் அலைதான், காற்று மட்டும் அல்ல. சூறை ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை, பொதுவாக விடிவதற்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரும். ஒன்றிரண்டு மணி நேரம். வீச்சு மணிக்கு 40 முதல் 80 கி.மீ., அதாவது 22 முதல் 43 நாட். தியோமான் போகத் தோதான மாதங்களும் அவையேதான். வாடைப் பருவத்தில் குடும்பத்தோடு யாரும் போவதில்லை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 10 நாட் 30 ஆனால் பாயில் விழும் பாரம் ஒன்பது மடங்கு. எனவே கேள்வி, பாயை எவ்வளவு சீக்கிரம் குறைக்க முடிகிறது என்பதுதான். உள்ளே சுருளும் பாய் பழையதாகி வயிறு பெருத்திருந்தால் துவாரத்தில் மடிந்து சிக்கும். பாதி வெளியே, பாதி உள்ளே. சூறையில் அதைவிட மோசமான நிலைமை கிடையாது. உங்கள் மனைவியை மட்டும் கயிற்றைப் பிடிக்கச் சொல்லிச் சுருட்டிப் பாருங்கள். விற்பவர் கை வைக்கக் கூடாது.

ஈஸ்ட்கோஸ்ட் பாய்:
நான் வேறு மாதிரி சொல்வேன். சூறை வந்தால் இங்கே பாதிப் பேர் பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினைப் போடுவார்கள். அதனால் எஞ்சினைப் பாருங்கள். டீசல் தொட்டியின் அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்த கசடு, கடல் அமைதியாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். படகு குலுங்கியதும் கலங்கி வடிகட்டியை அடைக்கும், எஞ்சின் நிற்கும். வெப்பமான ஈரக்காற்றுள்ள ஊரில் இது சகஜம். அலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வடிகட்டிக் கிண்ணத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நங்கூரம். படகுகள் நிற்கும் தெக்கேக் கிராமம் தியோமானின் மேற்குக் கரையில் இருக்கிறது. மேற்கிலிருந்து சூறை வந்தால் உங்களைக் கரையை நோக்கித்தான் தள்ளும். நங்கூரமும் சங்கிலியும் சரியில்லை என்றால் மேலே சொன்ன பாகை எல்லாம் எதற்கு?

பொங்கோல்வாசி:
எல்லோருக்கும் நன்றி. கீல் ஆழம் 1.5 மீட்டர். ஆழமில்லாத வகை என்று நினைக்கிறேன். தகட்டில் ஏ இருக்கிறது. விற்பவர் இன்னொரு முறை கடலுக்குப் போகச் சம்மதித்துவிட்டார். ஆனால் "ஜனவரி வரை காற்றுக்கு எங்கே போவது" என்கிறார். இளங்காற்றில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

துவாஸ்காரர்:
1.5 என்றால் காற்றை நோக்கி ஏறுவதில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், சீக்கிரம் சாயும். விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

சாங்கி மாலுமி:
முடிந்தால் பிற்பகல் காற்று எழும் நாளாகப் பார்த்துச் சாங்கியின் கிழக்கே போங்கள். 12, 15 நாட் கிடைத்தாலே நிறையத் தெரியும். எல்லாப் பாயையும் வேண்டுமென்றே முழுசாக விரித்து, காற்றை நோக்கி எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி ஓட்டுங்கள். படகு நன்றாகச் சாயும்போது சுக்கானை நீங்களே பிடியுங்கள். படகு தானே காற்றுப் பக்கம் திரும்பப் பார்ப்பது இயல்பு, கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். நாலைந்து பாகை சுக்கானில் நேராகப் போனால் நல்லது. கையே வலிக்கும் அளவுக்கு இழுத்து, பிடி விட்டு, படகு திடீரென்று காற்றுக்குள் முகத்தைத் திருப்பினால், அது அகலமான பின்பக்கமும் பழைய பாயும் சேர்ந்து செய்யும் வேலை. அப்போது பெரிய பாயை மூன்றில் ஒரு பங்கு சுருட்டிப் பாருங்கள். சுக்கான் லேசானால் பிரச்சினை பாயில், வாங்கலாம். அப்படியும் குறையாவிட்டால் விட்டுவிடுவேன்.

முன்பாயைப் பாதி சுருட்டி, அது மட்டும் வைத்து ஒரு முறை. பெரிய பாய் மட்டும் வைத்து ஒரு முறை. பிறகு முன்பாயைத் தப்பான பக்கம் நிறுத்தி, சுக்கானைக் காற்றுப் பக்கம் கட்டிவிட்டு, படகு அமைதியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளோடு போகிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். சில படகுகள் நிற்கவே நிற்காது.

காற்றே இல்லாவிட்டால் எஞ்சினில் முழு வேகத்தில் இருபுறமும் வளைத்து, சுக்கானில் தளர்ச்சி தட்டுகிறதா என்று கவனியுங்கள். கரையிலேயே பக்கவாட்டில் ஆட்டிவிட்டு ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணலாம். அகலம் மீட்டரில் எவ்வளவோ, அதைவிட விநாடி குறைவாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்களுக்கு 3.65 விநாடிக்குள். தொடக்கச் சாய்வை எதிர்க்கும் பலத்தை மட்டும்தான் அது சொல்லும்.

ஈஸ்ட்கோஸ்ட் பாய்:
மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் எந்த வருடத்தவை என்று கேட்டு ரசீதை வாங்குங்கள். பத்து, பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் காப்புறுதிக்காரர்களே மாற்றச் சொல்வார்கள், செலவு சின்னது இல்லை. கம்பி மேல்தளத்தைத் தொடும் இடத்தில் உள்ளே துருக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படகைத் தூக்கி வைத்துப் பார்க்கும் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம். கீல் போல்ட்டை அவர் கட்டாயம் பார்க்கட்டும்.

பொங்கோல்வாசி:
வரும் சனிக்கிழமை மதியம் என்று பேசியிருக்கிறேன். மனைவி சுருட்டும் கயிற்றைத் தானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டார். வந்து எழுதுகிறேன்.