மறு: பன்ச்சனுக்குத் தமிழில் என்ன? வெஞ்சனம் என்பது என் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

கொரியச் சாப்பாட்டுக் கடைகளில் சோற்றோடு சின்னச் சின்னக் கிண்ணிகளில் வைக்கிறார்களே, அந்தப் பன்ச்சனுக்கு, கொரியாவுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்கான கையேட்டில் எழுத, தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பக்க உணவு, துணைக்கறி, தொடுகறி, சைட் டிஷ், அப்புறம் ஒலியை அப்படியே எடுத்துப் ‘பஞ்சன்’ என்று ஐந்து வந்திருக்கின்றன. எல்லாருக்கும் நன்றி. ஆனால் நான் வந்து நிற்கும் சொல் அந்த ஐந்தில் இல்லை. வெஞ்சனம் என்றே வைத்துவிடலாம் என்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த சொல் இல்லை. மார்ச் மாதம் இங்கே தென்கொரியாவின் தேஜான் நகரில் கல்லூரி திறந்தபோது, புதிதாக வந்த ஒரு தம்பியைக் குங்-தொங் சந்து ஒன்றில் இருக்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். சுங்நாம் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடம்; மதியம் பிள்ளைகள் கூட்டம் அலைமோதும். எட்டு மேசைதான் கடையே. மேசையின் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை, அதற்குள் கரண்டியும் எஃகுக் குச்சிகளும். தண்ணீரை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிம்ச்சி ஜிகே (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியில் வைக்கும் குழம்பு) சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா ஒரு தாம்பாளத்தில் ஆறு கிண்ணிகளைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் மடமடவென்று பரப்பினார். முளைகட்டிய சோயா, பசலைக்கீரை மாதிரி ஒரு கீரை, சர்க்கரைப் பாகில் புரட்டிய பொடி நெத்திலி, சோயா சாற்றில் சுண்டவைத்த உருளைக்கிழங்கு, நீளநீளமாக நறுக்கி வதக்கிய மீன் அடை, முள்ளங்கிக் கிம்ச்சி.

தம்பிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கிண்ணிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, வெஞ்சனமா வந்து எறங்குது, சோத்தக் காணமே?” என்றான்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. எங்கள் அம்மாச்சி மதுரைப் பக்கம் தினமும் சொன்ன சொல் அது. “கஞ்சிக்கு வெஞ்சனம் என்ன இருக்கு?” என்பதுதான் அந்த வீட்டில் காலையில் எழும் முதல் கேள்வி. துவையல், கருவாடு, வத்தல், வெங்காயம், பச்சை மிளகாய் எதுவானாலும் சோற்றுக்குத் துணை வந்தால் வெஞ்சனம். பதினோரு ஆண்டாக இந்த ஊரில் பன்ச்சன் சாப்பிட்டுக்கொண்டு, அதற்குத் தமிழில் சொல் இல்லையே என்று நான் தவித்திருக்கிறேன். அந்தப் பையன் கடைக்குள் வந்து பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

பன்ச்சன் என்ற சொல்லைப் பிரித்தால் அதற்குள்ளும் இதே பொருள்தான் இருக்கிறது. அது இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்துக்கு வெந்த சோறு என்று பொருள். இரண்டாவது, சோற்றோடு வைக்கும் பதார்த்தம். ஆக, சோறு இல்லாமல் பன்ச்சன் கிடையாது. சோற்றை வைத்துத்தான் அதற்குப் பெயரே. வெஞ்சனமும் அப்படித்தான். தனியாகக் கொறிக்கிற முறுக்கை நாம் வெஞ்சனம் என்று சொல்வதில்லை. அதே முறுக்கைப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டால் அன்றைக்கு அது வெஞ்சனம்.

இனி நீங்கள் சொன்ன சொற்களுக்கு வருகிறேன்.

> சைட் டிஷ் என்றால் எல்லாருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. நம் ஊரில் இன்று சைட் டிஷ் என்றால் பாதிப் பேருக்கு மதுவோடு வைத்துக்கொள்ளும் நொறுக்குத்தான் நினைவுக்கு வரும். கொரிய மொழியில் அதற்குத் தனிச்சொல் உண்டு: ஆன்ஜு. ஆன்ஜு வேறு, பன்ச்சன் வேறு. கொரியர்கள் இரண்டையும் கலக்கவே மாட்டார்கள். தமிழில் வசன வரிகளோடு கொரியத் தொடர் பார்க்கிற பிள்ளைகள், பாட்டி பேரனுக்குப் பன்ச்சன் கட்டிக் கொடுக்கும் காட்சியில் ‘சைட் டிஷ்’ என்று படித்தால் அதில் என்ன பொருத்தம் இருக்கிறது?

இன்னொரு சிக்கலை நேரிலேயே பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு பிள்ளையிடம் “இதெல்லாம் சைட் டிஷ்” என்றுதான் சொல்லியிருந்தேன். மறுநாள் அவள் தனியாக ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். கேட்காமலேயே ஐந்து கிண்ணிகள் வந்து உட்கார்ந்ததும், தொட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்களோ என்று பயந்து, ஒன்றையும் தொடாமல் வெறும் சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். நம் ஊர் ஓட்டல்களில் சைட் டிஷ் என்பது தனியாகச் சொல்லித் தனியாகக் காசு கொடுக்கிற பொருள். அவள் பயந்ததில் தப்பில்லை. நான் சொன்ன சொல்தான் தப்பு. பன்ச்சன் சாப்பாட்டு விலைக்குள் அடக்கம், தீர்ந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம் என்பதைச் சொல்லே ஓரளவு உணர்த்த வேண்டும். வெஞ்சனத்துக்கு யாரும் விலை கேட்பதில்லை.

> பக்க உணவு / துணைக்கறி

பக்க உணவு ஆங்கிலத்தைத் தமிழில் எழுதியது, அவ்வளவுதான். வீட்டில் யார் வாயிலும் வராது. அதோடு அந்தக் கிண்ணிகள் மேசையின் பக்கத்திலும் இருப்பதில்லை, நடுவில் இருக்கின்றன. துணைக்கறி பரவாயில்லை, ஆனால் செய்து வைத்த வாசம் போகவில்லை.

> எங்கள் நாஞ்சில் நாட்டில் தொடுகறி என்போம். அது தூய தமிழ்.

இதை எழுதியவருக்கு முழு மரியாதையோடு சொல்கிறேன், எனக்கும் பிடித்த சொல்தான். வெஞ்சனத்துக்குப் போட்டி என்றால் இது ஒன்றே. தயக்கம் ஒரே இடத்தில்: சென்னைப் பக்கம் கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. ‘தொடுகறிக் கடை’ என்று கையேட்டில் எழுதினால், சைவப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்காது, மரக்கறியும் அவர்களுக்குக் கறிதான். அதனால் அடைப்புக்குறிக்குள் தொடுகறியையும் போடுவோம் என்கிறேன்.

> வெஞ்சனம் வடசொல் ஆயிற்றே?

ஆமாம், வியஞ்சனம்தான் வெஞ்சனம் ஆனது. நம் நாக்குக்கு ஏற்ற மாதிரி உருவம் மாறி, கரிசல் காட்டில் கஞ்சிக் கலயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தலைமுறை கண்ட சொல் அது. பன்ச்சனும் கொரியர்களுக்குச் சீன எழுத்து வழி வந்த சொல்தான். அவர்கள் வீட்டு அடுப்படியில் அதைவிட உள்ளூரான சொல் எது? புழங்குகிறவர்கள் யார் என்று பார்த்துத்தான் சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

> பன்ச்சன், வெஞ்சனம்: ஓசையே ஒன்றாக இருக்கிறதே, கொரிய மொழி தமிழிலிருந்து போனது என்பதற்கு இன்னொரு சான்று!

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். ஒன்று சீன எழுத்திலிருந்து வந்தது, இன்னொன்று சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. தற்செயலாக ஓசை ஒத்துப்போகிறது. நினைவில் வைத்துக்கொள்ள அது உதவும். கையேட்டில் அதற்குமேல் ஒரு வரிகூட எழுதமாட்டேன். இல்லாத உறவைச் சொல்லிச் சொல்லை விற்றால், அதை யாராவது மறுக்கும் நாளில் சொல்லும் சேர்ந்து விழும்.

> ஆங்கிலமே அப்படியே எடுத்துக்கொண்டது. நாமும் எடுத்தால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2021 செப்டம்பரில் கொரியச் சொற்கள் 26ஐச் சேர்த்தது, அதில் பன்ச்சனும் ஒன்று. உண்மைதான். அவர்கள் சாப்பாட்டில் சோறு நடுநாயகம் இல்லை, அதனால் அந்த இடத்துக்குச் சொல்லும் இல்லை, கடன் வாங்கினார்கள். நமக்குச் சோறும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. தமிழில் ஒலிபெயர்த்தால் வேறு தொல்லையும் உண்டு. ‘பஞ்சன்’ என்று எழுதினால் ஞ்ச மெலிந்து ஒலிக்கிறது, கண்ணுக்குப் பஞ்சம்தான் தெரிகிறது. நிறைந்த மேசைக்கு அந்தப் பெயர் வேண்டாம். நான் எழுதுகிற ‘பன்ச்சன்’ ஒலிக்குக் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் படிக்கவே தடுக்குகிறது.

அதே நேரம் கிம்ச்சியைக் கிம்ச்சி என்றே வைக்கச் சொல்வேன். ஊறுகாய் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். இதில் கொரியர்களுக்கே வலி உண்டு. சீன மொழியில் கிம்ச்சியைச் சீன ஊறுகாயின் பெயரான பாவ்ட்சாய் என்று சொல்லி வந்ததால் எழுந்த சச்சரவுக்குப் பிறகு, தென்கொரியப் பண்பாட்டு அமைச்சகம் 2021இல் ‘சின்ச்சி’ என்ற தனிப் பெயரைச் சீன மொழிக்கென்று அறிவித்தது. ஒரு பண்டத்தின் பெயர் அந்தப் பண்டத்தோடு போகட்டும். இட்லியை யாராவது மொழிபெயர்த்தால் நமக்கும் பொறுக்காது. ஆனால் ஒரு வகையின் பெயரை, இரண்டு ஊரிலும் அந்த வகை இருக்கும்போது, நம் சொல்லால் சொல்வதுதான் சரி.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. அதிலிருந்து அடுத்தடுத்த சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்ப்பேன். கொரியாவில் சமைத்த பன்ச்சனை எடைபோட்டும் டப்பாவில் அடைத்தும் விற்கும் கடைக்குப் பன்ச்சன் காகே என்று பெயர்: வெஞ்சனக் கடை. குளிர்பெட்டியில் அடுக்கும் பாத்திரம் பன்ச்சன் தொங்: வெஞ்சன டப்பா. குழந்தை “இது வேண்டாம், அது வேண்டாம்” என்று சாப்பாட்டில் அடம்பிடிப்பதற்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், பன்ச்சன் துஜொங். ‘வெஞ்சனச் சிணுங்கல்’ என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுப் பிள்ளை கண் முன்னால் வந்துவிடும். கடைசியாக ஒரு பழமொழி: “பசிதான் பன்ச்சன்.” பசிதான் வெஞ்சனம்! அருப்புக்கோட்டையில் சொன்னால் நம் ஊர்ப் பழமொழி என்றே நினைப்பார்கள். “பசிதான் பக்க உணவு” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபின், அந்தச் சொல்லை முன்மொழிந்த நண்பர் முடிவு செய்யட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் நம் சாப்பாடும் அவர்கள் சாப்பாடும் நேர் எதிர். அதைக் கையேட்டில் விளக்கியே ஆக வேண்டும். நம் முழுச் சாப்பாட்டில் சோறு எவ்வளவும் கேட்கலாம். அங்கே சோறு மூடி போட்ட எஃகுக் கிண்ணத்தில் அளவாக வரும், இன்னொரு கிண்ணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் காசு. அந்தக் கிண்ணத்துக்கு ஒரு கதையே இருக்கிறது. அரிசியை மிச்சப்படுத்த வேண்டியிருந்த காலத்தில், 1976இல் சியோல் மாநகரம் சாப்பாட்டுக் கடைகளில் கிண்ணம் இந்த அளவுதான் இருக்க வேண்டும் என்று விதித்தது: உள்விட்டம் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர். வெஞ்சனத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கொங்கிபாப் என்ற அந்தக் கிண்ணச் சோற்றுக்கு ‘அளவுச் சோறு’ என்று எழுதலாமா? நம் ஓட்டல் பலகையில் ‘அளவு சாப்பாடு’ என்று பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம். பழைய முறைப்படி சாப்பாட்டை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று வெஞ்சனக் கணக்கில் வகைப்படுத்துவார்கள். அரசருக்குப் பன்னிரண்டு என்பது வழக்கு. அந்தக் கணக்கில் சோறு, சாறு, கிம்ச்சி, தொட்டுக்கொள்ளும் சோயா சாறு எதுவும் சேராது. இன்றைய பேச்சில் கிம்ச்சியும் வெஞ்சனம்தான். இரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

கையேட்டுக்கு நான் எழுதி வைத்திருப்பது இது. வெட்டலாம், ஒட்டலாம்:

“வெஞ்சனம் (தொடுகறி, கொரியத்தில் பன்ச்சன்): சோற்றோடு கிண்ணிகளில் வைப்பது. நீங்கள் கேட்காமலேயே வரும். தனிக் காசு இல்லை. தீர்ந்தால் ‘பன்ச்சன் தொ ஜுசேயோ’, அதாவது ‘வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் கொடுங்கள்’ என்று கேளுங்கள். ‘செல்ஃப்’ என்று சுவரில் எழுதியிருந்தால் ஓரத்து மேசையில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தின்னும் அளவு மட்டும் எடுங்கள். ஒரு கிண்ணியிலிருந்து எல்லாரும் குச்சியால் எடுப்பார்கள். எச்சில் என்று கூச்சமாக இருந்தால் சின்னத் தட்டு ஒன்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒருவர் மேசையில் மிஞ்சியதை இன்னொருவருக்கு வைப்பது சட்டப்படி தடை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கீரையாகவே தெரிந்தாலும் அதில் மீன் சாறு இருக்கலாம், கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால் இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.”

கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். வயதான பெண்களை ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள், அம்மாவின் சகோதரி என்று பொருள். நம் சித்தி, பெரியம்மா இரண்டும் அதற்குள் அடக்கம். இதை மொழிபெயர்க்க வேண்டாம், பிள்ளைகள் இமோ என்றே கூப்பிடட்டும். நான் கூப்பிடும்போதெல்லாம் அந்த அம்மா நெத்திலிக் கிண்ணியை நிரப்பிக்கொண்டுதான் வருவார்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மிட்பன்ச்சன் என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு நாள் செய்து வைத்தால் பல நாள் கெடாது: கறுப்பு மொச்சை மாதிரியான பயற்றைச் சோயா சாற்றில் சுண்டவைத்தது, பாகு நெத்திலி, உப்பில் போட்ட பூண்டுத்தண்டு. ‘இருப்பு வெஞ்சனம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வத்தல், வடகம், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றையும் சேர்த்து, “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று வைப்பதற்கு உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் ஒரு சொல் கட்டாயம் இருக்கும். பாட்டிமார் இருந்தால் கேட்டு எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
தேஜானிலிருந்து