நாவலைக் கூண்டில் ஏற்றலாமா?

ஹட்டன் டீச்சர்:
தரம் 10 பிள்ளைகளுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ஒரு மலையக நாவல் படிப்பிக்கிறேன். கதை 1900களின் தொடக்கத்தில் நடக்கிறது. கடனில் மூழ்கிய குடும்பம் ஒன்று இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு ஓடுகிறது. தொழிலாளர்களை மேய்க்கும் பெரிய கங்காணி தேடிப் பிடித்து, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் ஒப்படைக்கிறார். அந்தக் கங்காணியைக் கூண்டில் நிறுத்தி வகுப்பில் வழக்கு நடத்தினோம். இரு தரப்புச் சட்டத்தரணிகள், சாட்சிகள், ஏழு ஜூரிகள். ஒரே விதி: நாவலில் இல்லாததைச் சாட்சி சொல்லக் கூடாது. மூன்று பாடவேளை போனது. நீங்களும் செய்து பாருங்கள்.

பதுளை சேர்:
டீச்சர், எனக்கு உடன்பாடில்லை. மேடையில் கைகேயியைக் கூண்டில் ஏற்றும் வழக்காடு மன்றம் நமக்குப் புதிதல்ல. அங்கே குரல் உள்ளவர்தான் வெல்வார். வகுப்பிலும் அதே நான்கு பிள்ளைகள்தான் பேசுவார்கள். அதைவிடப் பெரிய குறை தீர்ப்பு. குற்றவாளி என்று சொல்லி முடித்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். கங்காணியும் கடல் கடந்து வந்தவர்தான், துரைக்குப் பயந்தவர்தான். அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் நாவலின் உயிர்.

ஹட்டன் டீச்சர்:
சேர், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளைக்கு ஓடிப்போன தாயின் வேடம். "ஏன் ஓடினீர்கள்?" என்று சட்டத்தரணி கேட்டார். பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசியில், "என் பதில் புத்தகத்தில் இல்லை" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. புருஷன் பேசுகிறான், கங்காணி பேசுகிறார், கணக்கப்பிள்ளை பேசுகிறார். அந்தத் தாய்க்கு ஆசிரியர் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. இதே நாவலை நான் ஐந்து வருடம் படிப்பித்திருக்கிறேன். இது என் கண்ணில் படவே இல்லை.

பண்டாரவளை அம்மா:
என் மகனின் பாட்டனாருக்கு அப்பா கங்காணி. அவன் வகுப்பிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. அன்றிலிருந்து அவனைக் "கங்காணி" என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மறுத்தான். இங்கே இது வெறும் கதை இல்லை, டீச்சர். லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், யார் வீடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

கண்டிக்காரன்:
அம்மா சொல்வது உண்மை. அப்படியானால் சட்டத்தையே கூண்டில் ஏற்றுங்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். துண்டு இருந்ததே, கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு, அதுவும் 1921 வரை நீடித்தது.

பதுளை சேர்:
அது வரலாற்றுப் பாடம், தம்பி. நாவலுக்கு அங்கே என்ன வேலை?

ஹட்டன் டீச்சர்:
அம்மா, வேடம் கொடுக்கும்முன் நான் எந்தப் பிள்ளையிடமும் கேட்கவில்லை. அது என் பிழை. இனிக் கேட்பேன். சேர், பிள்ளை புத்தகத்தை மூடிவிடும் என்றீர்கள். ஐந்து ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், இருவர் மறுத்தார்கள். மறுநாள் ஒரு பையன் மேன்முறையீடு செய்ய வந்தான். முதல் அத்தியாயத்தில் கங்காணியின் காதில் கடுக்கன் உண்டு, கடைசியில் இல்லையாம். அந்தக் குடும்பத்தின் கடனுக்காக விற்றாரா என்று கேட்கிறான். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் தெறித்ததும் தீர்ப்புக்குப் பிறகுதானே?

பதுளை சேர்:
கடுக்கனை அவன் கண்டது எப்போது? வழக்கு முடிந்து, வீட்டில் தனியாக இருந்து வாசித்தபோது. அதைத்தான் டீச்சர் நானும் சொல்கிறேன்.