ஓய்வுபெறுகிற எங்கட அறிவிப்பாளர் ஐயாவுக்கு எப்பிடி மதிப்புச் செய்யலாம்?

கேள்வி: சனசமூகச் செயலாளர், கோண்டாவில்

வணக்கம். எங்கட உள்ளூர்த் தொலைக்காட்சியில பின்னேரச் செய்தியும் மரண அறிவித்தலும் வாசிக்கிற ஐயா வாற மாதத்தோட ஓய்வுபெறுறார். குரலைக் கேட்டாலே காணும், இங்க அவரைத் தெரியாத வீடில்லை. எங்கட சனசமூக நிலையம் சேவை நயப்பு விழா எடுக்கப்போகுது. பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா, வீரசிங்கம் மண்டபம் எண்டு நிர்வாகசபையில கதைச்சாச்சு. எனக்கு அது காணாது எண்டு படுது.

சுன்னாகப் பக்கம் கிணத்துத் தண்ணியில கழிவு எண்ணெய் கலந்திட்டுது எண்டு சனம் பதறின நேரம், என்ர பெரியம்மா வீட்டுக் கிணத்தடிக்கும் வந்தவர். தானே வாளியை விட்டு அள்ளி, மேல மிதந்த படலத்தை விரலால தொட்டு, மணந்து பாத்து, கமெராவுக்கு நேர பிடிச்சவர். வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள்ள நிக்கிற நன்னீர் பழுதாப்போனால் நாங்கள் எங்க போறது? செய்தி பழசாப் போச்சு எண்டு அவர் விடேல்லை. திரும்பத் திரும்ப வந்து அதே கிணத்தைக் காட்டினவர். பெரியம்மா இண்டைக்கும் அவரை "எங்கட பிள்ளை" எண்டுதான் சொல்லுவா.

அப்பிடிப்பட்ட மனிசனுக்கு ஊரும் பயன்பெறுற மாதிரி என்ன செய்யலாம்? சொல்லுங்கோ.

பதில்: பழைய கமெராக்காரன்

தம்பி, நான் ஐயாவோட வேலை செய்தனான். முதல் வேலையா அவற்ர கசெற்றுகளைக் காப்பாத்துங்கோ. அலுமாரி நிறைய MiniDV எண்ட சின்ன வீடியோ கசெற், கொஞ்சம் பழைய பெரிய விஎச்எஸ் கசெற். எங்கட உப்புக்காத்துக்கும் மாரி ஈரத்துக்கும் அதுகள் கனகாலம் தாங்காது. பூஞ்சணம் பிடிச்ச கசெற்றைத் துப்புரவாக்காமல் பிளேயருக்குள்ள போடாதேங்கோ, கசெற்றை வாசிக்கிற ஹெட் பழுதாகி மற்றக் கசெற்றையும் கெடுத்துப்போடும்.

MiniDV எண்டால் ஃபயர்வயர் (வீடியோவைக் கணினிக்கு ஏத்துற பழைய வயர் இணைப்பு) உள்ள பழைய கமெராவும் கணினியும் தேவை. ஒரு மணித்தியாலக் கசெற்றை ஏத்த ஒரு மணித்தியாலம் செல்லும், ஏறத்தாழ 13 ஜிபி வரும். பொறுமையான ரெண்டு பொடியள் போதும். ஐயா பக்கத்தில இருந்து இது எந்த ஊர், கதைக்கிறது ஆர் எண்டு சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கோ. அவர் சொல்லாட்டில் பிறகு ஒருத்தருக்கும் தெரியாது.

பிரதியை ஒரு இடத்தில மட்டும் வையாதேங்கோ. 1981 இல எங்கட பொது நூலகம் எரிஞ்சு 97,000 அளவில புத்தகமும் ஏடும் போனது தெரியும்தானே. ஒண்டைப் பொது நூலகத்துக்குக் குடுங்கோ, இன்னொண்டைப் பற்றி நூலக நிறுவனத்தோட கதையுங்கோ. 2005 இல இருந்து எங்கட ஆவணங்களை எண்ணிமமாக்கி (டிஜிட்டலாக்கி) சேக்கிறது அவைதான். தொலைக்காட்சி நிலையத்தின்ர அனுமதியை முன்கூட்டியே எழுத்தில வாங்குங்கோ.

பதில்: ரொறன்ரோ மகள்

அப்பம்மா செத்தபோது எங்களால வர முடியேல்லை. மரண அறிவித்தலைச் சித்தப்பா அனுப்பினவர். அண்டிரவு ஐயா எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, உங்கட மச்சானின்ர பிரெஞ்சுப் பேரை எப்பிடி உச்சரிக்கிறது? ரெண்டு தரம் சொல்லுங்கோ" எண்டு கேட்டவர். "பேர்த்தியளில ஒருத்தியின்ர பேர் விடுபட்டிருக்குமோ" எண்டும் கேட்டவர். உண்மையாவே ஒரு பேர் விடுபட்டுத்தான் இருந்தது! அந்த ஒரு பேரால எத்தினை வருசக் கோபம் வந்திருக்கும் எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் இணையத்தில பாத்தம். "காலஞ்சென்றவர்களான" எண்டு தொடங்கிக் கடைசிப் பூட்டப்பிள்ளை வரைக்கும் ஒரு பேரும் பிசகேல்லை.

விழா மலர் அடிக்கிறதெண்டால் பிரமுகர்மாரின்ர வாழ்த்துச்செய்தியைக் குறைச்சு, எங்களைப் போல ஆக்களின்ர கடிதங்களைப் போடுங்கோ. நான் எழுதித் தாறன். கசெற் வேலைக்குக் காசும் அனுப்புறன்.

பதில்: தாதி, யாழ்ப்பாணம்

இரத்த வங்கியில தட்டுப்பாடு எண்டு எப்ப சொன்னாலும் அண்டைக்கே வாசிச்சு விடுவார். வாசிச்ச கையோட இளம் பொடியள் மோட்டார் சைக்கிளில வந்து நிப்பினம். நான் கண்ணால கண்டனான். விழா நாளில இரத்ததான முகாமும் வையுங்கோவன். 18 வயசுக்கு மேல 60க்குள்ள உள்ளவை, கடைசியாக் குடுத்து நாலு மாதம் கழிஞ்சவை குடுக்கலாம். ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கவேணும். இரத்த வங்கியோட வேளைக்கே கதைச்சுத் திகதி எடுங்கோ.

சனசமூகச் செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில கசெற் வேலை, இரத்ததானம் ரெண்டையும் வைச்சன். பொன்னாடை ஒண்டே ஒண்டு, எங்கட நிலையத்தின்ர பேரில, அதைப் பெரியம்மா போத்துவா. விழா எங்கட நிலைய முற்றத்திலயே. மண்டபக் காசு கசெற் வேலைக்கு. காலமை இரத்ததானம், பின்னேரம் விழா. தலைவர் முதலில சம்மதிக்கேல்லை, ரொறன்ரோ அக்காவின்ர பதிலை வாசிச்சுக் காட்டினாப் பிறகு ஓமெண்டார். கமெரா அண்ணை, ஃபயர்வயர் உள்ள கமெரா உங்களிட்ட இன்னும் இருக்கோ? ஞாயிற்றுக்கிழமை ஐயா வீட்டுக்குச் சேந்து போவமோ?